தெற்குத் தீவுகளில் – 6: தானேஆதுவாவின் மண்சுவர்

நியூசிலாந்தின் ஃபாகதானே நகரிலிருந்து தெற்கே காரில் கால்மணி நேரம். மாட்டுப் பண்ணைகளைக் கடந்தால் தானேஆதுவா. ஒரே கடைத்தெரு உள்ள சின்ன ஊர். அதன் ஓரத்தில், பிரம்மாண்டமான மரவளைவை முகப்பாக்கி நிற்கிறது ‘தே குரா ஃபாரே’. தூஹோய் மவோரிகளின் தலைமையகம். 2014 மார்ச்சில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஐவன் மெர்செப்.

வருகிறவர்கள் எல்லாரும் கூரையிலுள்ள சூரியத் தகடுகளைத்தான் படமெடுக்கிறார்கள். எனக்கு உள்ளே இருக்கும் மண்சுவர்தான் பெரிதாகப் பட்டது. அதற்கான 5,000-க்கும் மேற்பட்ட கற்களைத் தங்கள் நிலத்துக் களிமண்ணைக் கொண்டு தூஹோய் மக்களே அறுத்தார்கள். சூளை காணாத பச்சைக் கற்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு கல்லைப் போல இன்னொன்று இல்லை.

நியூசிலாந்தில் ‘லிவிங் பில்டிங் சேலஞ்ச்’ என்ற பசுமைச் சான்றிதழின் விதிகளை ஏற்றுக் கட்டிய முதல் கட்டடம் இதுதான். வரைபடத்தைப் பார்த்தே மதிப்பெண் போடும் பசுமைச் சான்றிதழ்கள்மேல் எனக்கு மரியாதை குறைவு. இது வேறு ரகம். ஆட்கள் குடிபுகுந்து 12 மாதம் புழங்கிய பிறகே கணக்குப் பார்ப்பார்கள். ஆண்டு முழுக்கச் செலவான மின்சாரத்தைக் கட்டடமே உற்பத்தி செய்திருக்க வேண்டும். குடிக்க மழைநீர். கழிவுநீரை வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிக்க வேண்டும். பிவிசி உட்பட நச்சுப் பொருள்களின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதிலுள்ள எதுவும் உள்ளே வரக்கூடாது. ஆகவே பசை, பெயின்ட் வரை எதில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரித்தாக வேண்டும்.

இவ்வளவு கடுமையான சோதனையை இவர்கள் ஏன் வலியப் போய்த் தேர்ந்தெடுத்தார்கள்? பதில் நில வரலாற்றில் இருக்கிறது. 1866-இல் இந்தப் பக்கத்து வளமான சமவெளியை அரசு பறிமுதல் செய்தது. தூஹோய்களுக்கு மிஞ்சியது மலை. அந்த மலைக்காட்டையும் 1954-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2014-இல்தான் சட்டம் மாறியது: ‘தே உரேவெரா’ என்ற அந்தக் காடு இப்போது யாருக்கும் சொத்து அல்ல, சட்டப்படி அதுவே ஒரு நபர். தூஹோய்களும் அரசும் நியமித்த வாரியம் அதன் சார்பில் பேசுகிறது. அதே ஆண்டு அரசு மன்னிப்பும் கேட்டது.

காட்டைத் தங்கள் மூதாதையாகக் கருதுகிறவர்கள் அதன் ஓரத்தில் வீடு கட்டும்போது, அதற்குக் கெடுதல் செய்யாமல்தானே கட்ட முடியும்? சூரியத் தகட்டைக் காசு இருந்தால் யாரும் வாங்கிவிடலாம். பறிபோன மண்ணுக்கு வழக்காடிய மக்கள், அந்த மண்ணைக் குழைத்துத் தங்கள் அலுவலகத்துக்குக் கல் அறுத்ததை எந்தச் சான்றிதழாலும் அளக்க முடியாது. இந்தக் கட்டடத்தின் சிறப்பு அதுதான் என்பேன்.

அடுத்த இதழில் வைகரேமோனா ஏரி. அங்கும் தூஹோய்கள் இதே விதிகளின்படி ஒரு கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் முருபராவிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். அதன் பிறகு நெடுந்தூரம் சரளைக்கல் சாலைதான்.