ஒரு படுக்கையறை, மூன்று பேர்

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், லட்லோ என்று ஓர் ஊர். 135 அடிக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம், ஒரு பழைய கோட்டை, கோட்டை வாசலில் வாரத்தில் நான்கு நாள் சந்தை. எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர் 1502-ல் இந்தக் கோட்டையில்தான் இறந்தார். அவர் மட்டும் பிழைத்திருந்தால் தம்பிக்குப் பட்டமே கிடைத்திருக்காது, சரித்திரப் புத்தகமே வேறு மாதிரி இருந்திருக்கும். அது கிடக்கட்டும். இங்கே விஷயம் ராஜாக்கள் இல்லை, ஒரே ஒரு படுக்கையறை உள்ள ஒரு குட்டி வீடு.

இந்த மாதிரி ஊரில் ஒரு சின்ன வீடு விற்பனைக்கு வந்தால் விளம்பரத்தின் பாஷையே தனி. 'பழமை மணம் வீசும்' என்றால் தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். 'கச்சிதமான' என்றால் கட்டிலைப் போட்ட பிறகு கதவு முழுசாகத் திறக்காது. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் ஏணி மாதிரி ஒரு மாடிப்படி. அவ்வளவுதான் வீடு.

இவ்வளவு சின்னதாக ஏன் கட்டினார்கள்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஊரைத் திட்டமிட்டபோது, தெருவைப் பார்த்து குறுகலாகவும் பின்னால் நீளமாகவும் மனைகளை வெட்டினார்கள். சந்தைத் தெருவில் முகப்பு கிடைப்பதுதான் வியாபாரிக்கு முக்கியம், பின்பக்கம் எவ்வளவு நீண்டால் என்ன? நூற்றாண்டுகள் போகப்போக அந்தப் பின்பக்கத் தோட்டங்களில் தொழுவம், பட்டறை, கூலிக்காரர் குடில் என்று ஒவ்வொன்றாக முளைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரின் பெரிய தொழில்களில் ஒன்று கையுறை தைப்பது. தைத்தவர்கள் எங்கே குடியிருந்திருப்பார்கள் என்று யோசித்தால் இந்த வீடுகளின் அளவு புரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு விலை 1,60,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பார்க்க மூன்று பேர் வருகிறார்கள்.

முதல் ஆள், ஊரிலேயே ஓர் உணவகச் சமையலறையில் வேலை பார்க்கும் இளைஞன். வாடகை கொடுத்து அலுத்துவிட்டான். பல வருஷம் வாயைக் கட்டி 16,000 பவுண்டு சேர்த்திருக்கிறான், அதாவது பத்து சதவிகிதம். மீதி 1,44,000-க்கு வங்கிக்குப் போக வேண்டும். அங்கே வங்கிகள் பொதுவாக வருஷச் சம்பளத்தைப் போல நாலரை மடங்கு வரைதான் கடன் தருகின்றன. அப்படியென்றால் அவனுக்கு 32,000 சம்பளம் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் நாற்பது மணி நேரம், வருஷம் முழுக்க உழைத்தாலும் 25,400-ஐத் தொடாது. அந்தச் சம்பளம் வாங்குபவனுக்குக் கிட்டத்தட்ட முப்பதாயிரம் இடிக்கிறது. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மூன்று லட்சம் பவுண்டு வரை முத்திரை வரி கிடையாது என்று அரசாங்கம் சலுகை தருகிறது. நல்ல சலுகைதான்! வாங்க முடிந்தால் தானே வரி?

இரண்டாவது ஆள், கணவர் போன பிறகு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி. டாக்டர், சந்தை, தேவாலயம் எல்லாம் நடக்கிற தூரத்தில் வேண்டும், கார் ஓட்ட முடியாத காலம் வரப்போகிறது. வரி 700 பவுண்டு, கட்டிவிடுவார். ஆனால் முதலில் தன் வீட்டை விற்றாக வேண்டும். அதை வாங்குகிறவர் தன்னுடையதை விற்க வேண்டும். இப்படி ஒரு ரயில் வண்டியே கோத்துக்கொண்டு நிற்கும், ஒரு பெட்டி கழன்றால் எல்லாம் நின்றுவிடும். போதாக்குறைக்கு அந்த மாடிப்படியைப் பார்த்ததும் முழங்கால் வேறு பேச ஆரம்பித்திருக்கும்.

மூன்றாவது, நகரத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. ரொக்கம் கையில். தங்கப்போவதில்லை, விடுமுறைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப் போகிறார்கள். இரண்டாவது வீடு என்பதால் 2024 அக்டோபர் கடைசியிலிருந்து ஐந்து சதவிகிதம் கூடுதல் வரி, மொத்தம் 8,700 பவுண்டு. அடி பலம்தான். ஆனால் வருஷத்தில் 140 நாள் வாடகைக்குத் தயாராக வைத்து, 70 நாள் நிஜமாகவே விட்டுவிட்டால் அந்த வீடு வியாபார வரிக் கணக்குக்குப் போய்விடும். அதற்கென்று மதிப்பிடும் தொகை 12,000 பவுண்டுக்குள் இருந்து, வேறு வியாபாரக் கட்டடமும் இல்லையென்றால் சிறு வியாபாரச் சலுகையில் வரி பூஜ்யம். அதே வீட்டில் அந்த இளைஞன் தனியாகக் குடியிருந்தால், தனி ஆள் என்று கால்வாசி கழித்துக்கொண்டு மீதி முக்கால் வரியை நகரசபைக்குக் கட்ட வேண்டும். பி.காம். படிப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். குடியிருப்பவனுக்கு வரி, பூட்டி வைத்து வாடகைக்கு விடுபவருக்கு விலக்கு. இதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நியாயமாகத் தெரியவில்லை.

விற்பவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. அவர் யாருடைய கடன் மறுக்கப்படாதோ அவரைத்தான் தேர்ந்தெடுப்பார். அந்த ஊர்ச் சட்டப்படி, 'உங்களுக்கே தருகிறேன்' என்று சொன்னால் கூட ஒப்பந்தம் கைமாறும் வரை யாரையும் கட்டுப்படுத்தாது. நடுவில் இன்னொருவர் ஆயிரம் கூட்டிக் கொடுத்தால் பேச்சு மாறலாம். கட்டட ஆய்வுக்கு, வக்கீலுக்குக் கொடுத்த பணம் வாங்க நினைத்தவனுக்கு நஷ்டம்.

பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடு என்றால் இன்னொரு தலைவலி. அனுமதியில்லாமல் பழைய ஜன்னலை மாற்றுவது அங்கே கிரிமினல் குற்றம். குளிருக்கு இரட்டைக் கண்ணாடி போட வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் போட வேண்டும். லட்லோவில் அப்படிப்பட்ட கட்டடங்கள் ஐந்நூறுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஜன்னலுக்கு இவ்வளவு காவல் இருக்கிறது. உள்ளே யார் இருப்பது என்பதைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரி கிடையாது.

இரண்டு மாதம் கழித்து அந்தச் சந்தைப் பக்கம் போனால் கதவுக்குப் பக்கத்தில், எண்களை அழுத்தித் திறக்கும் ஒரு சின்னச் சாவிப் பெட்டி மாட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ பெட்டியோடு வந்து அதைத் திறப்பார்கள். ராத்திரி அவர்கள் சாப்பிடப் போகும் உணவகத்தில், சமையலறையில், அந்த இளைஞன் இருப்பான்.