பெரம்பூர் டு ரங்கூன்... வழி: அத்தோ கடை!

பெரம்பூர் ஸ்டேஷன்ல பீச் டிரெயின் ஏறுங்க. வியாசர்பாடி ஜீவா, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் தாண்டி கடைசி ஸ்டாப். இறங்கி வெளியே வந்தா, பர்மா பஜார். சாயங்காலமானா அத்தோ வாசம் மூக்கைத் துளைக்கும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாத்தையும் கையாலேயே பிசைஞ்சு தருவாங்க. கூடவே வாழைத்தண்டு சூப்.

கடற்படையோட நிலநடுக்க நிவாரணம் பத்தி எழுத வந்தவன் அத்தோ கடையில என்ன பண்றான்னு கேக்கறீங்களா? காரணம் இருக்கு பாஸ்!

2025 மார்ச் 28. மியான்மரில் 7.7 அளவு நிலநடுக்கம். மாண்டலே, சகாயிங் நகரங்கள் சரிந்தன. 3,000 பேருக்கு மேல் பலி. மறுநாளே இந்தியாவின் 'ஆபரேஷன் பிரம்மா' ஆரம்பம். முதல் விமானம் 15 டன் பொருட்களோடு பறந்தது. அன்றே ஐ.என்.எஸ். சத்புரா, சாவித்ரி கப்பல்கள் 40 டன்னோடு யாங்கூன் கிளம்பின. (நம்ம ஏரியாவுல இன்னும் அது ரங்கூன்தான்!)

இப்ப, நீங்கதான் அங்கே போற கப்பல்ல ஆபீசர்னு வெச்சுக்கோங்க. இடிபாட்டுலேர்ந்து ஆளைத் தூக்கற சீனெல்லாம் உங்களுக்குக் கிடையாது. மாண்டலே, யாங்கூன்லேர்ந்து சுமார் 600 கிலோமீட்டர் உள்ளே இருக்கு. உங்க வேலை சுமை. ஏத்தணும், கடல் தாண்டி ஆத்துக்குள்ளே போகணும், இறக்கணும். அவ்வளவுதான்.

ஆனா, அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு தெரியுமா? ஏப்ரல் 5-ம் தேதி திலாவா துறைமுகத்தில் ஐ.என்.எஸ். கரியால் கொண்டுபோய்ச் சேர்த்தது 442 டன்! அரிசி மட்டும் 405, எண்ணெய் 30, பிஸ்கட் 5, நூடுல்ஸ் 2. நம்ம இன்ஜினீயரிங் மூளை கணக்குப் போட்டுச்சு. அந்த முதல் விமானம் இதைக் கொண்டுபோக 30 தடவை பறக்கணும்.

''அப்பல்லாம் அங்கேர்ந்துதான் தம்பி இங்கே அரிசி வரும்'' என்றார் அத்தோ கடைப் பெரியவர். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. அப்புறம் கடைகளை எல்லாம் அரசே எடுத்துக்கிச்சு. கையில் இருந்ததோடு தமிழர்கள் கப்பல் ஏறினாங்க. இவருக்கு அப்போ ஏழு வயசு. அக்கா மட்டும் கல்யாணமாகி மாண்டலேயிலேயே தங்கிட்டாங்க.

''எட்டு நாள் போன் கிடைக்கலை. கப்பல்லேர்ந்து அரிசி இறங்கறதை டி.வி-யில பார்த்தப்புறம்தான் எனக்குச் சோறே இறங்கிச்சு.''

''அக்கா பேசினாங்களா?''

''பேசிச்சு. 'நீ சாப்ட்டியாடா'ன்னுதான் முதல்ல கேட்டுச்சு.''

அடுத்த தடவை பீச் ஸ்டேஷன்ல இறங்கினா, அத்தோ சாப்பிட்டுக்கிட்டே அவர்கிட்ட கப்பல் கதை கேளுங்க. ரெண்டாவது கப் சூப் ஃப்ரீ!