அலவத்துகொடையில் நிற்காத பஸ்



கண்டியிலிருந்து ஏ-9 வீதியில் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை கடந்து மாத்தளைக்குப் போகும் வழியில் இருக்கிறது அலவத்துகொட. விடுமுறை நாட்களில் இவ்வூரின் ஊடாகச் சுற்றுலா பஸ்கள் விரைகின்றன, பெரும்பாலும் நிற்பதில்லை. நிற்க நேரமேது? காலையில் பேராதனைப் பூந்தோட்டம், பிறகு மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டம், பகலில் தம்புள்ளை, மாலையில் சீகிரியா, இரவில் வீடு!

தாளில் எழுதும்போது எல்லாம் பக்கத்தில்தான். கண்டியிலிருந்து தம்புள்ளை 72 கிலோமீற்றர். ஆனால் வளைவும் நெரிசலுமான இவ்வீதியில் அது சுமார் இரண்டு மணித்தியாலம். சீகிரியாவிலோ சுமார் 1,200 படிகள். பயணத்தைத் திட்டமிடுபவர் தூரத்தைக் கிலோமீற்றரில் பார்க்கிறார். கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கும், லுஹர் தப்பிவிடுமோ என்று தவிக்கும் மூதாட்டிக்கும், வுழூச் செய்ய அடுத்த இடம் எப்போது வரும் என்பதே தூரம்.

நம் முன்னோரும் பயணத்தைக் கொண்டே தூரத்தை அளந்தார்கள். கஸ்ருத் தொழுகைக்கு ஷாபிஈ மத்ஹப் கூறும் இரண்டு மர்ஹலா, சுமை ஏற்றிய ஒட்டகத்தின் இரண்டு நாள் பயணமாகும். இன்றைய கணக்கில் 80 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். பயணிக்குத் தொழுகையிலேயே சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. நாமோ நம் வீட்டாருக்கு அரை மணி நேர ஓய்வும் தருவதில்லை!

அடுத்த முறை திட்டம் போடும்போது நீங்களும் கூட இருங்கள். இரண்டு இடங்களைக் குறையுங்கள். வழியில் பெண்களுக்குத் தொழ வசதி எங்குண்டு என முன்பே விசாரித்து, அந்த நேரத்தையும் எழுதி வையுங்கள். பார்த்த இடங்கள் குறைந்தாலும், இன்ஷா அல்லாஹ், உம்மாவும் பிள்ளைகளும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்கள்.