கடைசி இருபது குண்டுகள்

தாம்பரத்தில் துப்பாக்கி என்றால் பலருக்கும் விமானப்படைத் தளத்தின் வாசல் காவலர்தான் ஞாபகத்துக்கு வருவார். கல்லூரியில் என்சிசி-யில் இருந்தவர்களுக்கு மட்டும் இன்னொன்று ஞாபகம் வரும். ‘பாயிண்ட் டூ டூ’ என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சின்ன ரைபிள். குப்புறப் படுத்து, 25 கெஜ தூரத்தில் இருக்கும் தாளைப் பார்த்து ஐந்து ரவுண்டு. பெரும்பாலானவர்களுக்குத் துப்பாக்கியோடு உள்ள உறவு அந்த ஐந்தோடு முடிந்துவிடும். என் அக்கா மகளுக்கு அங்கேதான் தொடங்கியது.

இப்போது அவளுக்கு வயது 19, எடை 47 கிலோ. ஐம்பது மீட்டர் ‘த்ரீ பொசிஷன்’ சுடுகிறாள். மண்டி போட்டு இருபது, படுத்து இருபது, நின்று இருபது என மொத்தம் அறுபது குண்டு. நம் சட்டப்படி சொந்த உரிமத்துக்கு 21 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் பயிற்சிக்கும் போட்டிக்கும் சுடலாம். ஆகவே கிளப் ரைபிள்தான். அங்கே அவளுக்குக் கிடைக்கக்கூடியவை இரண்டு. இரண்டும் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வகை. ஒன்றில் தடித்த பேரல், இன்னொன்றில் மெலிந்த பேரல். ஒன்றை எடுத்தால் சீசன் முழுக்க அதோடுதான் வாழ வேண்டும். மாநிலப் போட்டிக்கு நான்கு மாதம் இருந்தது.

“மாமா, நீங்க இன்ஜினியர்தானே, கணக்குப் போட்டுச் சொல்லுங்க” என்றாள்.

போட்டேன். அறுபது செ.மீ. நீள எஃகுக் குழாய், உள்ளே 5.6 மி.மீ. துளை. வெளிவிட்டம் 16 மி.மீ. என்றால் எடை ஏறத்தாழ 830 கிராம். 22 மி.மீ. என்றால் 1,680 கிராம். எடை இரண்டு மடங்கு ஆகிறது. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பதால் அது மூன்றரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது. காகிதத்தில் பார்த்தால் பேரம் படிந்தது. இரண்டு கொடுத்து மூன்றரை வாங்குகிறோம். “தடிச்சதையே எடு” என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த விறைப்பு இவளுக்கு எதற்கு என்று கேட்டால் கணக்கு கொஞ்சம் தடுமாறுகிறது. பெரிய ரைபிள்களில் தொடர்ந்து சுட்டால் பேரல் சூடேறும், தடித்தது மெதுவாகச் சூடேறும் என்பது நியாயமான காரணம். இந்தக் குண்டிலோ மருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒன்றரை மணி நேரப் போட்டியில் நிதானமாகச் சுடுபவளின் பேரலை அந்த மருந்தைவிடச் சென்னை வெயில் அதிகமாகச் சூடாக்கும். ஸ்டாண்டில் கட்டிவைத்துச் சுட்டுப் பார்த்தபோது இரண்டு ரைபிளும் பத்துக் குண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஓட்டைக்குள்தான் போட்டன. பேரலின் பருமனைவிட அதன் உட்துளை எவ்வளவு நேர்த்தி, எந்த லாட் குண்டு அதற்கு ஒத்துப்போகிறது என்பவைதான் இங்கே பெரிய விஷயம். இங்கிலாந்தில் ஈலி குண்டு தயாரிக்கும் இடத்துக்கே ரைபிளைக் கொண்டுபோய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிற சர்வதேச வீரர்கள் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் தடித்த பேரலைப் பலர் ஏன் விரும்புகிறார்கள்? அது அசையச் சோம்பல்படும். ஐம்பது மீட்டர் இலக்கில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் எட்டு மி.மீ.க்குள் இருந்தால் போதும். தோளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பேரல் நுனியில் அது எவ்வளவு தெரியுமா? 0.16 மி.மீ. ஆபீஸ் பிரிண்டர் தாள் ஒன்றின் தடிமன் 0.1 மி.மீ. இரண்டு தாள் கனத்துக்கு நுனி நகர்ந்தால் பத்து போய்விடும். மூச்சும் நாடித்துடிப்பும் அதைவிட அதிகமாக நகர்த்தும். நுனிப்பக்கம் கனம் இருந்தால் அந்தச் சின்னத் துடிப்பெல்லாம் அமுங்கிப்போகிறது.

படுத்துச் சுடும்போது இது முழுக்க லாபம். முழங்கைகள் தரையில் ஊன்றியிருக்கும், ஸ்லிங் வார் கையை இறுக்கிப் பிடித்திருக்கும். கனத்தைப் பூமி தாங்கிக்கொள்ளும். நிற்கும்போது ஸ்லிங் கூடாது என்பது விதி. இடது முழங்கையை இடுப்பெலும்பில் முட்டுக்கொடுத்து, முதுகைப் பின்னால் வளைத்து, உடம்பையே ஸ்டாண்டாக்க வேண்டும். முன்பக்கம் கனம் கூடக் கூட முதுகு இன்னும் பின்னால் வளையும். முதல் ஐந்து குண்டுக்கு அது தெரியாது.

போட்டியின் வரிசை மண்டி, படுக்கை, நிலை. நிற்பது கடைசியில், உடம்பு களைத்த பிறகு. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே இந்தப் பிரிவில்தான் வெண்கலம் வாங்கினார். இறுதிச்சுற்றில் மண்டியிட்டு முடித்தபோது ஆறாவது, படுத்து முடித்தபோது ஐந்தாவது. மூன்றாம் இடத்துக்கு ஏறியது நின்று சுட்டபோதுதான். மொத்தம் 451.4. அந்தப் பந்தயத்தை அவளும் நானும் யூடியூபில் எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அவள் கண் ஸ்கோரில் இருக்காது, அவர் இடுப்பில் இருக்கும்.

பயிற்சியாளர் தடித்ததுக்கு ஓட்டுப் போட்டார். பழகினால் உடம்பு தேறிவிடும் என்பது அவர் அனுபவம். அக்காவுக்கு வேறு கவலை. மகள் இரவில் முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு படிப்பதைப் பார்த்தவள் அவள். “மெடலு வரும் போகும்டா, முதுகு ஒண்ணுதான் இருக்கு” என்றாள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

கடைசியில் பதில் அவள் நோட்டுப்புத்தகத்தில் இருந்தது. மூன்று வாரம் இரண்டு ரைபிளிலும் மாற்றி மாற்றி முழு அறுபதும் சுட்டு, நின்று சுட்ட இருபதை மட்டும் பத்துப் பத்தாகப் பிரித்து எழுதியிருந்தாள். முதல் பத்தில் தடித்த பேரல் நன்றாகவே முந்தியது. கடைசிப் பத்தில் அது சரிந்தது, மெலிந்தது சரியவில்லை. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரிந்திருக்கும்.

“லேசானதுல தேவைப்பட்டா வெயிட் மாட்டிக்கலாம் மாமா. தடிச்சதுல இரும்பைச் சீவி எடுக்க முடியுமா?” என்றாள். பேரலில் திருகி மாட்டும் சின்னச் சின்ன எடைகள் இருக்கின்றன. இன்றைய உலகப் போட்டி ரைபிள்களில் பலர், குட்டையான பேரலின் நுனியில் லேசான வெற்றுக் குழாயை மாட்டி, குறிபார்க்கும் நீளத்தை இழக்காமல் கனத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். கனம் அவர்களுக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் விஷயம். என் நான்காம் அடுக்குக் கணக்கு தப்பில்லை, ஆனால் அது பேரலுக்கு மட்டுமான கணக்கு. அவளுடையதில் அவள் உடம்பும் இருந்தது.

மெலிந்ததை எடுத்தாள். மாநிலப் போட்டியில் மெடல் வரவில்லை. நின்று சுட்டதில் அதுவரை இல்லாத அளவு ஸ்கோர் வந்தது. வெந்நீர்ப் பை இப்போது வாரத்தில் ஒருநாள்தான். போன மாதம் முதல் நூறு கிராம் எடையைப் பேரலில் மாட்டியிருக்கிறாள். கடைசிப் பத்து சரியாமல் இருந்தால் தீபாவளிக்குப் பிறகு இன்னொரு நூறு.