விட்ட இடத்திலிருந்து

2024-ஆம் ஆண்டு ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்ததும் வழக்கம்போல் ஆலய வாயிலில் நின்று மக்களோடு பேசிக்கொண்டிருந்தோம். குழந்தையை இடுப்பில் தாங்கியபடி இளம்பெண் ஒருவர் நம்மை நோக்கி வந்தார். நம் பங்கின் எளிய உழவர் குடும்பம் ஒன்றின் மூத்த மகள். தகடூர்ப் பகுதி நடுகற்களைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தவர். உரிமையோடு பேசுவதாக எண்ணிக்கொண்டு, "என்னம்மா, இன்னுமா படிப்பு முடியவில்லை?" என்று கேட்டுவிட்டோம். சூழ நின்றவர்கள் சிரித்தனர். அவரும் சிரித்தார். அதன்பின் நான்கு ஞாயிறுகள் அவரை ஆலயத்தில் காணவில்லை.

ஐந்தாம் வாரம் அவருடைய தாயார் பங்கு இல்லத்துக்கு வந்தார். "சாமி, மறுபடியும் படிக்கப் போகிறேன், செபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் அன்றைக்கு உங்களிடம் வந்தாள். நீங்கள் அப்படிக் கேட்ட பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை; அதனாலேயே அச்சொல் நம்மை ஆழமாகத் தைத்தது.

அந்த வலி நாம் அறியாததன்று. குருமடத்தில் இறையியல் இரண்டாம் ஆண்டில் மஞ்சள் காமாலையால் படிப்பை நிறுத்தி, ஓராண்டு வீட்டில் இருந்தோம். திரும்பிச் சென்றபோது உடன் பயின்றவர்கள் மேல்வகுப்புக்குச் சென்றிருந்தனர். நமக்குப் பின் வந்தவர்களோடு அமர்ந்தோம். உணவறையிலும் தோட்டத்திலும் பலரும் காரணம் கேட்டனர். பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தோம். முதியவரான பேராசிரியர் ஒருவர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. தம் பாடக் குறிப்பேட்டை நம் மேசைமேல் விரித்து வைத்து, "நீர் போனபோது இந்தப் பக்கத்தில் இருந்தோம்" என்றார். அன்றுதான் நாம் மீண்டும் மாணவரானோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், அதே நாம்தான் ஆலய வாயிலில் அப்படிக் கேட்டோம்!

ஆய்வை இடையில் நிறுத்துவோர் சோம்பலால் நிறுத்துவதாகப் பலர் எண்ணுகின்றனர். இப்பெண்ணுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். நம் மறைமாவட்டம் உருவான அதே 1997-இல் சேலத்தில் தோன்றியது பெரியார் பல்கலைக்கழகம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் அடங்குவன. அங்கே அவர் 2019-இல் பதிவு செய்தார். 2020 மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கு வந்தது. நூலகங்கள் மூடப்பட்டன, பேருந்துகள் நின்றன, ஊர் ஊராகச் சென்று கற்களைக் காணும் ஆய்வும் நின்றது. அடுத்து தந்தையின் நோய், திருமணம், மகப்பேறு.

விதிகள் அவரைத் தள்ளிவிடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகள் முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டுகளை மேல்வரம்பாக வைத்து, பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தளர்வு அளிக்க இடம் தருகின்றன. ஆய்வுக் காலத்தில் ஒருமுறை 240 நாள்கள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. அவர் அந்த விடுப்பைப் பெற்றார். விடுப்பு முடிந்த பின்னும் திரும்பவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் ஆய்வு வளர்ச்சியை எடுத்துரைக்க வேண்டும். எடுத்துரைக்க என்ன இருக்கிறது என்ற கூச்சம் தடுத்தது. நெறியாளரின் குறுஞ்செய்திகளைத் திறந்து பார்க்கவும் அஞ்சினார். ஒரு மாதத் தாமதத்துக்கு வெட்கி அடுத்த மாதமும் தாமதித்தார். தாமதம் வளர வளர வெட்கமும் வளர்ந்தது.

இந்த வெட்கத்தை வளர்ப்பதில் நம் அனைவருக்கும் பங்குண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் கடைசியாக நின்றது தருமபுரி மாவட்டம்: 68.54 விழுக்காடு. கைநாட்டு வைத்த பாட்டியின் பேத்தி முனைவர் பட்டத்துக்குப் பயிலும் வீடுகள் இங்கு உண்டு. ஆய்வு என்பது ஆண்டுதோறும் தேர்வெழுதி முடிக்கும் படிப்பன்று என்பது அவ்வீடுகளுக்கும் அண்டை வீடுகளுக்கும் எப்படித் தெரியும்? தெரியாமல் கேட்பவர்களைக் குறை கூற முடியாது. தெரிந்தே கேட்ட நாம்தான் தலைகுனிய வேண்டும்.

அந்த இரவில் திருத்தூதர் பணிகள் நூலை எடுத்து வாசித்தோம். மாற்கு எனப்பட்ட யோவான், பவுலையும் பர்னபாவையும் பாதிவழியில் விட்டு எருசலேமுக்குத் திரும்பினார். காரணத்தை நூல் கூறவில்லை. அடுத்த பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். பர்னபாவோ அவரை அழைத்துக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறினார். பிற்காலத்தில் திமொத்தேயுவுக்கு எழுதிய மடலில், தம் பணிக்குப் பயன்படுபவர் என்று சொல்லி அதே மாற்கை அழைத்துவரச் சொல்கிறார் பவுல். இடையில் ஒரு பர்னபா இருந்திராவிட்டால் மாற்கு என்னவாகியிருப்பார்?

மறுநாள் மாலை அவருடைய வீட்டுக்குச் சென்று, கேட்டது தவறு என்று சொன்னோம். "பரவாயில்லை ஃபாதர், ஊரே கேட்கிறதுதானே" என்றார். அந்தப் பதில் நமக்கு ஆறுதல் தரவில்லை. "உனக்கு என்னம்மா தேவை?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கி, "குழந்தை அழாத நாலு மணி நேரம்" என்றார்.

அதைத் தருவது பங்குக்குப் பெரிய காரியமா? சனிக்கிழமைகளில் மறைக்கல்வி அறை காலியாகவே கிடக்கிறது. அங்கே ஒரு மேசையும் மின்விசிறியும் ஏற்பாடாயின. குழந்தையைப் பார்த்துக்கொள்ள உபதேசியாரின் மனைவி தாமாகவே முன்வந்தார். மூன்றாம் வாரம், தொப்பூர் கணவாய் கடந்து சேலத்துக்குப் பேருந்தில் சென்று நெறியாளரைச் சந்தித்தார் அப்பெண். வழிநெடுக மன்னிப்பு வாசகங்களை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தாராம். நெறியாளர் அவற்றைக் கேட்கவே இல்லை. "இரண்டாம் இயலில் நிறுத்தியிருந்தீர்கள். அதைக் கொண்டுவந்தீர்களா?" என்று மட்டும் கேட்டாராம். நம் பழைய பேராசிரியரை நினைத்துக்கொண்டோம்.

அவர் இன்னும் ஆய்வேட்டை ஒப்படைக்கவில்லை. ஆகவே இதை வெற்றிக் கதையாக நாம் எழுதவில்லை. உங்கள் பங்கிலும் நோயாலோ வறுமையாலோ பிள்ளைப்பேற்றாலோ படிப்பை நிறுத்தி, மீண்டும் தொடங்க ஏங்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவரைக் காணும்போது, ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்க நாவெழுந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். எதில் நிற்கிறது, நாங்கள் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பிறகு, அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

சனிக்கிழமை மாலைகளில் செபமாலை சொல்லியபடி ஆலய வளாகத்தில் நடக்கும்போது மறைக்கல்வி அறையில் விளக்கு எரிவதைக் காண்கிறோம். உள்ளே சென்று எவ்வளவு முடிந்தது என்று விசாரிக்க ஆவல் எழத்தான் செய்கிறது. விசாரிக்காமல் நடந்துபோகக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.