பேக்கப்பை ஞாபகத்தை நம்பி விடாதீர்கள்

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் முடக்கியது. ஓபிடி பதிவு, லேப் ரிப்போர்ட் எல்லாம் நாள்கணக்கில் கையெழுத்தில்தான் நடந்தன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. தாக்குதலுக்குத் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் இ-ஹாஸ்பிடல் தரவு மீண்டது.

அதனால்தான் சர்வர் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: தினமும் கையால் ஃபைல் காப்பி செய்யாதீர்கள். மாதக் கடைசி வேலை நெருக்கடியில் யாருக்கும் மறந்துபோகும். ஷெல்லில் பத்து வரி போதும். சர்வர் பெயர்களுக்கு ஒரு ஃபார் லூப், பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்எச் கீ, காப்பிக்கு ஆர்சிங்க், இரவு 2 மணிக்கு ஓட கிரான். 1996இல் வந்த ஆர்சிங்க், ஃபைலில் மாறிய பகுதியை மட்டுமே அனுப்பும்.

மூன்றை மட்டும் விடாதீர்கள். எக்ஸிட் கோடு பூஜ்யம் இல்லையென்றால் உடனே மெயில் வரட்டும். டெலீட் ஆப்ஷன் போடுமுன் டிரை ரன் பாருங்கள். பேக்கப் சர்வரே வந்து தரவை எடுக்கட்டும். மற்ற சர்வர்களுக்கு அதில் எழுதும் அனுமதி வேண்டாம்.

மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள். நாம் காப்பது யாரோ ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டாக இருக்கலாம்.