ஏழு நாள் பொறுப்போம்

வெள்ளம் வடிந்த வீட்டில் மறுபடியும் எப்போது குடிபுகலாம்? மழைக்காலந்தோறும் நம் பங்குகளில் பல குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. விடை சொல்வது எளிதன்று. உயிரும் உடைமையும் மட்டுமல்ல, அந்த வீட்டின்மேல் வைத்த பாசமும் அதில் அடங்கியிருக்கிறது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரைமீறிக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர்ப் பகுதியிலும், அதற்குக் கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் ஊர்களுக்குள் புகுந்தது.

அந்த ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் என் அத்தையின் வீடு இருக்கிறது. செங்கல்லைச் சேற்றுச் சாந்தில் வைத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசி, நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. மறைந்த மாமா தம் கையாலேயே கடைக்கால் தோண்டியது. சன்னல் வரை ஏறிய நீர் இரண்டு நாளில் இறங்கிற்று. மூன்றாம் நாள் வெயில் அடித்தது, தரையும் காய்ந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த அத்தைக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. “சுவர்தான் நிற்கிறதே அப்பா, இன்னும் என்ன பார்க்கவேண்டும்?” என்றார்.

ஊரிலுள்ள முதிய கொத்தனாரை அழைத்துச் சென்றோம். மின் ஊழியர் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை அவர் எவரையும் வாசற்படி ஏற விடவில்லை. பிறகு வீட்டைச் சுற்றி வந்து, சுவரின் அடியைக் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். மேற்குப் பக்கத்தில் அது மாவில் இறங்குவதுபோல் இறங்கிற்று. தூக்குக்குண்டு விட்டபோது, அச்சுவர் இரண்டு விரற்கடை வெளியே சாய்ந்திருப்பது தெரிந்தது. சன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் படிப்படியாகச் சரிந்து இறங்கியிருந்தது.

“பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடும் வெடிப்புக்கு அஞ்சவேண்டாம் அம்மா. கல்லோடு கல்லாகச் சரிந்து இறங்கும் வெடிப்பு கடைக்கால் அமிழ்ந்ததைக் காட்டும். மழையில் நின்ற சுவர் வெயிலில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்” என்றார். நனைந்த மண் காயும்போது சுருங்கும். சுவரின் வெளிப்புறம் இறுகும். உட்புறம் இளகியே இருக்கும். கரிசல் நிலமானால் கடைக்காலின் கீழுள்ள மண்ணும் சுருங்கி இடம் விட்டுவிடும்.

விரிசலின் குறுக்கே சிமெண்டுக் குழம்பை மெல்லிய பட்டையாகப் பூசி, அதன் அருகே கரித்துண்டால் தேதி எழுதினார். பட்டை விண்டுபோனால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். “ஒரு வாரம் கழித்து வருகிறேன். அதுவரை உள்ளே படுக்காதீர்கள்” என்று சொல்லிச் சென்றார்.

அன்றிரவு லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை குழிந்து தோன்றினால், குரு அந்த வீட்டை வந்து பார்க்கவேண்டும் என்கிறது அது. அவர் நுழையுமுன் பொருள்களையெல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். வீடு தீட்டு என்று தீர்ப்பானாலும் பொருள்கள் தப்பவேண்டும் என்பதே நோக்கம். பின்பு வீட்டை ஏழு நாள் அடைத்து வைத்து, மறுபடியும் பார்க்கவேண்டும். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து, புதுக்கல் வைத்துப் பூசவேண்டும். அதன் பின்னும் தோன்றினால்தான் இடிக்கவேண்டும். அவசரமும் இல்லை, அலட்சியமும் இல்லை. எத்துணைக் கனிவான சட்டம்!

ஏழாம் நாள் பார்த்தோம். பட்டை விண்டிருந்தது. மேற்கு அறையை இறக்கிவிட வேண்டும், முன்கூடமும் அடுக்களையும் நன்கு உலர்ந்தபின் புழங்கலாம் என்று முடிவாயிற்று. அத்தை ஒன்றும் பேசவில்லை. அச்சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டார். மாமா எழுப்பிய சுவரல்லவா!

சமவெளியில் சுவரையும் கடைக்காலையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். கல்வராயன் மலைச் சிற்றூர்களில் வீட்டுக்கு மேலுள்ள சரிவையும் பார்க்கவேண்டும். 2024 டிசம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையில் மழையில் ஊறிய மலைச்சரிவு வீட்டின்மேல் இறங்கி ஏழு பேர் மாண்டனர். சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால், சுவர் எவ்வளவு உறுதியாயினும் அவ்விடத்தை விட்டு அகல்வதே அறிவுடைமை.

பாறைமீது வீடு கட்டியவனையும் மணல்மீது கட்டியவனையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நாம் அறிந்ததே. ஆனால் ஆற்றோரத்தில் வாழும் ஏழை, மணலைத் தேடிப் போனவன் அல்லன். அவனுக்குக் கிடைத்த நிலம் அதுதான். ஈரச்சுவருக்குள் அவன் அவசரமாய்த் திரும்புவதும் அறியாமையால் அன்று. பள்ளியைத் திறக்கவேண்டும் என்றவுடன் அவன் வேறெங்கே போவான்?

ஆகவே, “பொறுத்திரு” என்று சொல்வதோடு நம் கடமை முடிவதில்லை. பொறுத்திருக்க இடமும் தரவேண்டும். அடுத்த மழைக்குமுன் ஒவ்வொரு அன்பியமும் கூடி, யார் வீட்டுத் திண்ணை, யார் வீட்டு மாடியறை, எந்தக் குடும்பத்திற்கு என்று பேசி வைத்துக்கொள்ளட்டும். ஒரு கொத்தனாரையும் மின்பணி தெரிந்த ஒருவரையும் முன்னதாகவே கேட்டு வைக்கட்டும். தங்க இடமின்றிச் சத்திரத்து வாசலில் நின்ற திருக்குடும்பத்தை வணங்கும் நாம், ஏழு நாளுக்கு நம் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கலாகாதா?